குழந்தைகளோடு வரலாற்று அருங்காட்சியகத்துக்கு: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வரலாற்று அருங்காட்சியகங்களில் நடக்கும் குழந்தைகள் நிகழ்ச்சிகளைப் பற்றிப் பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சிலவற்றுக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம், சிலவற்றுக்கு முடியாது.

எந்த வயதிலிருந்து அழைத்துப் போகலாம்?

கைக்குழந்தையாக இருக்கும்போதே அழைத்துப் போகலாம். "கொஞ்சம் வளரட்டும், அப்போதுதான் புரியும்" என்று தள்ளிப்போடுகிறவர்கள் நிறையப் பேர். புரிந்துகொள்வதற்கு முன்பு பழகிக்கொள்வது என்று ஒன்று இருக்கிறது. உயர்ந்த கூரை, மங்கலான வெளிச்சம், கண்ணாடிக்குள் ஏதோ ஒன்று, அதை அம்மா குனிந்து பார்க்கிறாள். இந்த இடத்துக்கு நானும் வரலாம் என்ற எண்ணம் மூன்று வயதில் மனத்தில் விழுந்துவிட்டால், பத்து வயதில் யாரும் வற்புறுத்த வேண்டியிருக்காது.

குழந்தைகளுக்கென்றே தொடங்கப்பட்ட முதல் அருங்காட்சியகமாகக் கருதப்படுவது நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் 1899இல் திறக்கப்பட்டது. பெரியவர்களுக்கான வரலாற்று அருங்காட்சியகங்களும் இப்போது குழந்தைகளுக்கு இடம் ஒதுக்குகின்றன. வாஷிங்டனில் உள்ள அமெரிக்க வரலாற்றுக்கான தேசிய அருங்காட்சியகம், பிறந்த குழந்தை முதல் ஆறு வயது வரை உள்ளவர்களுக்காகவே 2015இல் ஒரு தனிக்கூடத்தைத் திறந்தது.

ஒன்றை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு "இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு" என்பதும் "போன வாரம்" என்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். காலக்கணக்கை அப்போதே புகுத்த வேண்டாம். "இது யாருடைய செருப்பு? ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கிறது?" என்ற கேள்வி அந்த வயதுக்குப் போதும்.

பத்தே நிமிடத்தில் "போகலாம், போரடிக்கிறது" என்கிறான். என்ன செய்வது?

சலிப்பு என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி உடல் களைப்பு. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் 1916இல் இதைப் பற்றி எழுதினார். காட்சிப் பெட்டியின் கீழ்த்தட்டைப் பார்க்கக் குனிவது, மேல்தட்டைப் பார்க்க எக்குவது, பொடி எழுத்தைப் படிக்கக் கண்ணை இடுக்குவது என்று ஒரு பார்வையாளர் படும் பாட்டைப் புகைப்படங்களோடு காட்டினார். அவர் படம் பிடித்தது வளர்ந்த ஒருவரை. மூன்றரை அடி உயரக் குழந்தைக்கு அதே கூடம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பெரியவர்களின் கண்மட்டத்துக்கு வைத்த பொருள் அதற்கு அண்ணாந்து பார்க்க வேண்டியதாகிவிடுகிறது. கண்ணாடியில் மேல்விளக்கின் பிரதிபலிப்பு மட்டும்தான் தெரிகிறது.

ஆகவே முதலில் நீங்கள் மண்டியிட்டு, குழந்தையின் கண்மட்டத்தில் இருந்து அந்தப் பெட்டியைப் பாருங்கள். அங்கிருந்து எதுவும் தெரியவில்லை என்றால் தூக்கிக் காட்டுங்கள், அல்லது அடுத்த பெட்டிக்குப் போய்விடுங்கள்.

இரண்டாவது, எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும் என்ற ஆசையை வாசலிலேயே விட்டுவிடுங்கள். இந்தப் பக்கத்தில் நான் சொல்வதில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு வருகைக்கு ஐந்து பொருள்கள் போதும். மூன்று கூட நல்ல கணக்குதான். அந்த ஐந்தின் முன்னால் உட்கார்ந்து பேசிவிட்டு வந்த குழந்தை, ஐம்பது பெட்டிகளைக் கடந்து வந்த குழந்தையைவிட அதிகம் பார்த்திருக்கிறது.

எவ்வளவு நேரம் இருக்கலாம்?

சிறு குழந்தைகளோடு ஒரு மணி நேரம், இடையில் ஓர் ஓய்வு. குழந்தை களைத்த பிறகு கிளம்பாமல், களைப்பதற்குச் சற்று முன்பே கிளம்பிவிடுங்கள்.

குழந்தைகளுக்கு என்னென்ன நிகழ்ச்சிகள் நடக்கும்?

இடத்துக்கு இடம் வேறுபடும். பரவலாக நடப்பவை: ஒரு காட்சிப் பொருளை வைத்துக் கதை சொல்லும் நேரம், களிமண், மை, நூல் வைத்துச் செய்யும் கைவேலைப் பயிலரங்கு, நகல் பொருள்களைத் தொட்டுப் பார்க்கும் மேசை, மாதிரி அகழாய்வுக் குழி, பழங்கால உடை அணிந்து பார்க்கும் மூலை, பழைய விளையாட்டுகள், விடுமுறைக்கால முகாம், சில இடங்களில் இரவுத் தங்கல். ஆண்டுதோறும் மே 18 அன்று சர்வதேச அருங்காட்சியக நாள் கொண்டாடப்படுகிறது. 1977இல் தொடங்கிய வழக்கம் இது. அந்த வாரத்தில் பல இடங்களில் சிறப்பு நிகழ்ச்சிகள் இருக்கும். கூட்டமும் இருக்கும்.

இவற்றில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது பழைய விளையாட்டு. ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். மெசபொட்டேமியாவில் (இன்றைய ஈராக்) 'ஊர்' என்ற பெயர் கொண்ட பண்டைய நகரத்து அரச கல்லறைகளை 1920களில் தொல்லியலாளர் லெனார்ட் வூலி தோண்டியபோது விளையாட்டுப் பலகைகள் கிடைத்தன. ஏறத்தாழ 4500 ஆண்டுகள் பழமையானவை. கிளிஞ்சலும் லாபிஸ் லாசுலி என்ற நீலநிறக் கல்லும் பதித்த இருபது கட்டங்கள், அவற்றில் ஐந்தில் பூ வடிவம். எப்படி ஆடினார்கள் என்பது நெடுங்காலம் தெரியாமல் இருந்தது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் இர்விங் ஃபிங்கல், கி.மு. 177ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு களிமண் பலகையில் ஆப்பு வடிவக் கீறல்களால் எழுதிய ஆப்பெழுத்தைப் படித்து விதிகளை மீட்டார். இருவர் ஆடும் பந்தய ஆட்டம் அது. இப்போது அட்டையில் இருபது கட்டம் வரைந்து, பொத்தான்களைக் காய்களாக வைத்து யாரும் ஆடலாம்.

அதே அருங்காட்சியகத்தில், பண்டைய அசீரிய அரசின் கோர்சாபாத் அரண்மனை வாயிலில் நின்றிருந்த பிரம்மாண்டமான சிறகுக் காளைகள் இருக்கின்றன. பெரியவர்கள் அண்ணாந்து அவற்றின் மனித முகத்தைப் பார்க்கிறார்கள். கீழே பீடத்தில் கூர்மையான எதையோ கொண்டு கீறிய இருபது கட்ட ஆட்டம் ஒன்று இருக்கிறது. காவல் நின்றவர்கள் பொழுதுபோக்கக் கீறியிருக்க வேண்டும். அது குழந்தையின் உயரத்தில் இருப்பவர் கண்ணில் படக்கூடிய இடம். முந்தைய நாள் அந்த ஆட்டத்தை ஆடிவிட்டு வந்த குழந்தைக்கு அந்தக் கீறலைக் காட்டுங்கள். அசீரியப் பேரரசு பற்றி ஒரு சொல்லும் சொல்ல வேண்டாம், அதுவே கேட்கத் தொடங்கும்.

நுழைவாயிலில் தரும் தேடல் தாளை வாங்கலாமா?

தாளைப் பார்த்து முடிவு செய்யுங்கள். "சிங்கத்தைக் கண்டுபிடி, வாளைக் கண்டுபிடி, டிக் செய்" என்று மட்டும் இருந்தால் எனக்கு அதில் உடன்பாடில்லை. குழந்தைகள் மளிகைப் பட்டியலை வைத்துக்கொண்டு கடையைச் சுற்றுவது போல ஓடுவார்கள். சிங்கம் கிடைத்ததும் அதைப் பார்க்காமலே அடுத்ததற்குப் பறப்பார்கள்.

நல்ல தாள் வேறு மாதிரி இருக்கும். "இந்தப் பானையில் விரல் தடம் ஒன்று இருக்கிறது, எங்கே?", "இந்த நாணயத்தின் முகத்தை வரைந்து பார், மூக்கு எந்தப் பக்கம் பார்க்கிறது?", "இந்த அறையில் உனக்கு மிகப் பயன்படக்கூடிய பொருள் எது, ஏன்?" என்று கேட்கும். வரையச் சொல்லும் தாள் கிடைத்தால் விடாதீர்கள். ஒரு குழந்தையை ஒரே பொருளின் முன்னால் ஐந்து நிமிடம் நிறுத்தி வைக்க, பென்சிலைவிட நல்ல கருவி இல்லை. மை பேனா வேண்டாம், பெரும்பாலான கூடங்களில் அனுமதிக்க மாட்டார்கள்.

எதையும் தொடக் கூடாது என்றால் குழந்தை அங்கே என்ன செய்யும்?

"தொடாதே" என்று மட்டும் சொன்னால் அது வெறும் அதட்டல். காரணத்தைச் சொன்னால் அதுவே ஒரு பாடமாகிவிடும். நம் விரல் வியர்வையில் உப்பும் அமிலமும் எண்ணெய்ப் பசையும் இருக்கின்றன. வெண்கலத்திலும் இரும்பிலும் அவை அரிப்பை உண்டாக்கும். ஒரு விரல் பட்டால் கண்ணுக்குத் தெரியாது, ஆயிரக்கணக்கான விரல்கள் பட்டால் செதுக்கலே தேய்ந்துபோகும். துணி, காகிதம், நீர்வண்ண ஓவியம் ஆகியவற்றுக்கு வெளிச்சமே பகை. வெளுத்த சாயம் திரும்ப வராது. அதனால்தான் அவை இருக்கும் அறைகளில் வெளிச்சத்தைப் பெரும்பாலும் 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவில் மங்கலாக வைக்கிறார்கள். "ஏன் இங்கே இருட்டாக இருக்கிறது?" என்று குழந்தை கேட்டால் இதைச் சொல்லுங்கள். நீ பாட்டியாகும்போதும் இந்தச் சிவப்பு சிவப்பாகவே இருக்க வேண்டும் என்பதற்காக, என்று சொன்னால் நான்கு வயதுக் குழந்தைக்கும் புரியும்.

தொடுவதற்கென்று வைத்திருப்பவை எங்கே என்று வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில், ஒரே செய்தியை மூன்று எழுத்துவகைகளில் செதுக்கிய எகிப்தின் ரொசெட்டா கல் கண்ணாடிக்குள் இருக்கிறது, அதன் நகல் ஒன்று இன்னொரு கூடத்தில் தொட்டுப் பார்க்கக் கிடைக்கிறது. மூன்று எழுத்துவகைகளையும் விரலால் தடவிப் பார்க்கலாம். அங்கே சில கூடங்களில் தன்னார்வலர்கள் மேசை போட்டு அமர்ந்து உண்மையான பழம்பொருள்களையே கையில் தருகிறார்கள். இப்படி ஒரு மேசை இருந்தால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அங்கே போங்கள். பழைய நாணயம் ஒன்று உள்ளங்கையில் விழும் கனம், சுடுமண் ஓட்டின் சொரசொரப்பு, குயவர் விரலால் இழுத்த வரியில் குழந்தையின் சின்ன விரல் போய்ப் பொருந்துவது, இதையெல்லாம் எந்தப் படமும் தராது.

எனக்கே வரலாறு தெரியாது. குழந்தை கேட்டால் என்ன சொல்வது?

தெரியாமல் இருப்பது தடையே இல்லை. விளக்கப் பலகையை உரக்கப் படித்துக் காட்டுவதுதான் குழந்தையின் ஆர்வத்தை அணைக்கும். உளவியலாளர் அபிகயில் ஹவுசனும் அருங்காட்சியகக் கல்வியாளர் ஃபிலிப் யெனவைனும் படம் பார்க்கக் கற்பிக்க ஒரு முறையை உருவாக்கினார்கள். அதில் அடிப்படைக் கேள்விகள் மூன்றுதான். இதில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்னவெல்லாம் கண்ணில் படுகிறது? ஓவியத்துக்காக வந்த இந்த முறை பானைக்கும் வாளுக்கும் அப்படியே பொருந்துகிறது.

இரண்டாவது கேள்வியில்தான் சாரம் இருக்கிறது. "இது ராஜாவுடையது" என்று குழந்தை சொல்லும். "எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்?" என்று கேளுங்கள். "தங்கமாக இருக்கிறதே." அவ்வளவுதான், சான்று காட்டிப் பேசத் தொடங்கிவிட்டது. வரலாற்றாசிரியர் செய்வதும் இதுதான். குழந்தை தவறாகச் சொன்னாலும் உடனே திருத்தாதீர்கள். பேசி முடித்த பிறகு இருவருமாக விளக்கப் பலகையைப் படியுங்கள். உங்கள் ஊகம் எங்கே பொருந்தியது, எங்கே விலகியது என்று பார்ப்பது அதற்கும் ஒரு விளையாட்டு.

குழந்தைகளுக்குச் சட்டென்று ஒட்டிக்கொள்ளும் பொருள்கள் எவை?

குழந்தைகள் செய்தவையும் குழந்தைகளுக்காகச் செய்தவையும். ரஷ்யாவின் நோவ்கொரோத் நகர அகழாய்வில் 1956இல் பூர்ச்சமரப் பட்டைத் துண்டுகள் சில கிடைத்தன. பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஒன்ஃபிம் என்ற சிறுவன் எழுதிப் பழகியவை. ஆறேழு வயது இருக்கலாம் என்கிறார்கள். ஒரு பட்டையில் அகரவரிசையை எழுதத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டு, குதிரைமேல் ஏறி எதிரியை ஈட்டியால் குத்தும் வீரனை வரைந்திருக்கிறான். பக்கத்தில் தன் பெயரை எழுதி வைத்திருக்கிறான், வீரன் அவனேதான். அவன் வரைந்த மனிதர்களின் கைகள் வாருகோல் போல விரிந்திருக்கின்றன. ஒரு கையில் மூன்று விரல், இன்னொன்றில் வேறு கணக்கு.

இந்தப் படத்தை எந்தக் குழந்தைக்குக் காட்டினாலும் அதற்கு விளக்கம் தேவைப்படாது. பாடம் எழுதும்போது ஓரத்தில் படம் வரையும் பழக்கம் அதற்கும் இருக்கிறது. இப்படி ஏதாவது ஒன்று எல்லா அருங்காட்சியகத்திலும் இருக்கும். பொம்மை, சின்னச் செருப்பு, பால் புகட்டும் கிண்ணம், பிழையோடு எழுதிய பலகை என்று தேடிப் பாருங்கள்.

மாதிரி அகழாய்வு என்பது மணலில் விளையாடுவதுதானே?

எப்படி நடத்துகிறார்கள் என்பதைப் பொறுத்தது. மணலுக்குள் நாணயத்தைப் புதைத்து "கண்டெடுத்தவருக்குப் பரிசு" என்றால் அது புதையல் வேட்டை, தொல்லியலுக்கு நேர் எதிரானது. நல்ல பயிற்சியில் குழியைக் கயிறு கட்டிக் கட்டங்களாகப் பிரித்திருப்பார்கள். மண் நிறம் மாறி அடுக்குகளாக இருக்கும். குழந்தை தூரிகையால் தூசி தட்டி, பொருள் கிடைத்ததும் எடுக்காமல், முதலில் எந்தக் கட்டம், எந்த அடுக்கு, பக்கத்தில் என்ன இருந்தது என்று தாளில் குறிக்கும். அதன் பிறகுதான் எடுக்கும். கீழ் அடுக்கு பழையது, மேல் அடுக்கு புதியது என்பதைக் கை வழியாகப் புரிந்துகொண்ட குழந்தை பிறகு மறப்பதில்லை. முதலில் குறித்துவிட்டு எடுக்கச் சொல்கிறார்களா என்று மட்டும் கவனியுங்கள். அதிலேயே தரம் தெரிந்துவிடும்.

பழங்கால வேடத்தில் வருகிறவர்களைப் பார்த்து என் மகள் பயப்படுகிறாள்.

இயல்புதான். தூரத்தில் நின்று அவர் வேறு குழந்தைகளோடு பேசுவதைப் பார்க்கவிடுங்கள், தானாகவே நெருங்குவாள். ஸ்டாக்ஹோமில் ஆர்தர் ஹாசீலியஸ் 1891இல் திறந்த ஸ்கான்சன் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் இருந்து வளர்ந்த மரபு இது. நாட்டின் பல பகுதிகளில் இருந்து பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து, அந்தக் காலத்து உடையில் ஆட்களையும் அங்கே வைத்தார். அமெரிக்காவில் பழைய நகரத்தையே அருங்காட்சியகமாக்கிய கொலோனியல் வில்லியம்ஸ்பர்க்கில் கொல்லரும் செருப்புத் தைப்பவரும் பதினெட்டாம் நூற்றாண்டு முறையில் உண்மையாகவே வேலை செய்கிறார்கள். இங்கிலாந்தின் யார்க் நகரில் 1984 முதல் இருக்கும் யோர்விக் மையம், தோண்டிக் கண்ட வைக்கிங் காலத் தெருவை அதன் நாற்றத்தோடு சேர்த்தே மீட்டிருக்கிறது. குழந்தைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

வேடமணிந்தவரிடம் மகளையே கேட்கவிடுங்கள். "உங்களுக்குப் பல் வலித்தால் என்ன செய்வீர்கள்?" "ராத்திரி இருட்டில் எப்படிப் படிப்பீர்கள்?" இந்தக் கேள்விகளுக்காகத்தான் அவர்கள் காத்திருக்கிறார்கள்.

போர், அடிமை வணிகம், இனப்படுகொலை பற்றிய கூடங்களைக் காட்டலாமா?

மறைக்க வேண்டாம், அவசரப்படவும் வேண்டாம். அருங்காட்சியகம் சொல்லும் வயது வரம்பை மதியுங்கள். வாஷிங்டனில் உள்ள ஹோலோகாஸ்ட் (நாஜிகள் நடத்திய யூத இனப்படுகொலை) நினைவு அருங்காட்சியகம் தன் முதன்மைக் காட்சியைப் பதினொரு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கே பரிந்துரைக்கிறது. சிறியவர்களுக்கு டேனியல் என்ற சிறுவனின் கதையாகத் தனிக்காட்சி வைத்திருக்கிறது. கோரப் படங்களால் அல்ல, வீடு, பள்ளி, பறிகொடுத்தவை என்று ஒரு பிள்ளையின் வாழ்க்கை வழியாக அது நடந்ததைச் சொல்கிறது.

முடிந்தால் நீங்கள் ஒரு முறை தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். உள்ளே குழந்தை "போதும்" என்றால் அந்தக் கணமே வெளியே வந்துவிடுங்கள். மம்மி, எலும்புக்கூடு முன்னால் நிற்கும்போது அவரும் ஒரு மனிதர், யாரோ ஒருவருக்கு அம்மாவாகவோ மகனாகவோ இருந்தவர் என்று சொல்லுங்கள். விளையாட்டுப் பேச்சு தானாக அடங்கும், பயமும் குறையும்.

சத்தமும் கூட்டமும் என் மகனுக்கு ஒத்துவராது. ஆட்டிசம் இருக்கிறது.

பல அருங்காட்சியகங்கள் திறப்பு நேரத்துக்கு முன்போ வாரத்தில் ஒரு காலையிலோ அமைதி நேரம் ஒதுக்குகின்றன. அப்போது விளக்கையும் ஒலியையும் குறைத்து, ஆள்களை அளவோடு விடுவார்கள். காதடைப்பான் இரவல் கிடைக்கும். வாசல் எப்படி இருக்கும், பையைச் சோதிப்பவர் என்ன கேட்பார், எந்த அறையில் திடீர் ஒலி வரும் என்று படங்களோடு முன்கூட்டியே விளக்கும் கையேட்டை இணையதளத்தில் வைத்திருப்பார்கள். அதைச் சில நாள் முன்பிருந்தே மகனோடு சேர்ந்து படியுங்கள். இப்படி எதுவும் இல்லை என்றால் போன் செய்து கேளுங்கள். பார்வைக் குறைபாடு உள்ள குழந்தைக்குத் தொடு சுற்றுலாவும், செவிக்குறைபாட்டுக்குச் சைகைமொழி வழிகாட்டியும் பெரும்பாலும் முன்பதிவு செய்தால்தான் கிடைக்கும்.

இரவுத் தங்கல் நிகழ்ச்சி பாதுகாப்பானதா?

பொதுவாக ஏழெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களை, பொறுப்பான பெரியவர் துணையோடு மட்டுமே அனுமதிப்பார்கள். எத்தனை குழந்தைக்கு எத்தனை பெரியவர், மருத்துவ உதவி உண்டா, இரவில் வெளியேற வேண்டி வந்தால் என்ன வழி என்று முன்பே கேளுங்கள். தரையில் தூங்க வேண்டியிருக்கும், குளிர்ச்சாதனம் விடிய விடிய ஓடும், ஆகவே போர்வை அவசியம்.

கைபேசிச் செயலியைப் பயன்படுத்தலாமா?

சிதைந்த கோவில் முன்பு எப்படி இருந்தது என்று காட்டுவது போன்றவற்றுக்கு நல்லது. மற்றபடி சட்டைப்பையிலேயே இருக்கட்டும்.

பள்ளியோடு ஒரு முறை போய் வந்துவிட்டாள். மறுபடியும் போவதில் என்ன இருக்கிறது?

பள்ளியோடு போகும்போது வரிசையில் நடக்க வேண்டும், ஆசிரியர் நிற்கும் இடத்தில்தான் நிற்கலாம். இப்போது அவளையே வழிகாட்டியாக்குங்கள். "உனக்குப் பிடித்ததை எங்களுக்குக் காட்டு" என்று கேளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு என்ன செய்யலாம்?

வீட்டில் ஒரு அலமாரித் தட்டை அருங்காட்சியகமாக்கிக் கொடுங்கள். உடைந்த கடிகாரம், பழைய சாவி, குழந்தையின் முதல் காலணி என எதுவானாலும் சரி. ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு: இது என்ன, யாருடையது, எப்போதையது, நம்மிடம் எப்படி வந்தது. நான்காவது கேள்விக்கு விடை தேடத்தான் வீட்டுப் பெரியவர்களிடம் போக வேண்டியிருக்கும்.

இது மிகப் பழைய வழக்கம். முன்பு சொன்ன அதே 'ஊர்' நகரத்தில், 1925இல் வூலி ஓர் அறையைத் தோண்டியபோது பல நூற்றாண்டு இடைவெளி கொண்ட பொருள்கள் ஒரே தரையில் கிடைத்தன. அவற்றோடு களிமண் உருளை ஒன்றும் இருந்தது. அதைவிட மிகப் பழைய ஒரு செங்கல்லின் எழுத்தைப் பார்த்து எழுதி, அது எங்கே கிடைத்தது, யார் படியெடுத்தார் என்பதையும் அதில் குறித்திருந்தார்கள். கி.மு. ஆறாம் நூற்றாண்டில், பாபிலோனிய அரசன் நபோனிடஸின் மகள் என்னிகல்டி அங்கே தலைமைப் பூசாரியாக இருந்த காலத்து ஏற்பாடு அது என்று வூலி கருதினார். உங்கள் குழந்தை எழுதும் சீட்டிலும் அதே விவரங்கள்தான் இருக்கும்.

பதின்மூன்று வயதாகிவிட்டது. குழந்தைகள் நிகழ்ச்சி என்றாலே முகம் சுளிக்கிறான்.

அவனைப் பார்வையாளனாக அழைக்காதீர்கள். வேலை கொடுக்கும் நிகழ்ச்சியாகத் தேடுங்கள். பல அருங்காட்சியகங்களில் இளையோர் குழு உண்டு. விளக்கப் பலகை எழுதுவது, ஒலிப்பதிவு செய்வது, சின்னக் குழந்தைகளின் பயிலரங்கில் உதவுவது போன்ற வேலைகள் தருவார்கள். பிரிட்டனில் 'கிட்ஸ் இன் மியூசியம்ஸ்' என்ற தொண்டு அமைப்பு நடத்தும் நாளில், பிள்ளைகளே அருங்காட்சியகத்தின் வேலைகளைப் பொறுப்பேற்று நடத்துகிறார்கள். அப்படி எதுவும் உங்களுக்கு அருகில் இல்லை என்றால், குழந்தைகள் பிரிவுக்கு அவனையே ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். என்ன செய்ய முடியும், எந்த நாள்களில் வர முடியும் என்று நான்கு வரி போதும். பெற்றோர் எழுதும் கடிதத்தைவிட அதற்குத்தான் விரைவாகப் பதில் வரும்.